கடற்கரை ஊரில் உதிரும் கேசம்

வேலை நிமித்தமாகவோ விவாக நிமித்தமாகவோ வெளியூரிலிருந்து கல்பாக்கத்துக்குக் குடிவருகிறவர்கள், வந்து மூன்று நான்கு மாதம் ஆன பின் சீப்பில் கற்றை கற்றையாக முடி வருவதைக் கண்டு கலங்கி, அக்கம்பக்கத்தாரிடம் வாய்விட்டுச் சொன்னால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். "இந்த ஊர்த் தண்ணி அப்படித்தாங்க" என்பார் ஒருவர். "எல்லாம் உப்புக் காத்து" என்பார் இன்னொருவர். குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, "பக்கத்துலயே பிளாண்ட் இருக்கே" என்பார் மூன்றாமவர். சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் பல வருஷங்களாகப் புழங்கிவரும் இந்த மூன்று அபிப்பிராயங்களையும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் கடலோரத்தில், உவர்நீர்க் கிணறுகளுக்கும் அணு உலைக்கும் நடுவே வாழ்கிற ஜனங்களுக்கு அப்படிச் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் வேறு. தவறான இடத்தில் பழியைச் சுமத்திவிட்டால் சரியான காரணம் விசாரணைக்கே வராமல் போய்விடுகிறது. அதற்குள் மாதங்கள் வருஷங்களாகி, மீட்டிருக்கக்கூடிய கேசம் மீட்க முடியாததாகிவிடுகிறது.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் ரோமங்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதும் இல்லை, ஒரே சமயத்தில் உதிர்வதும் இல்லை. ஒவ்வொரு ரோமமும் 2 முதல் 6 வருஷம் வரை, மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று வாரங்களில் தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, சுமார் 3 மாத காலம் வேர்ப்பையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்து, கடைசியில் கழன்று விழுகிறது. அந்த இடத்தில் புதிது முளைக்கிறது. ஆரோக்கியமான தலையில் நூற்றுக்கு 85 முதல் 90 ரோமங்கள் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும். ஆகையால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கையே. இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய அம்சம் அந்த மூன்று மாத ஓய்வுக்காலம். கடும் ஜுரமோ, பிரசவமோ, அறுவைச் சிகிச்சையோ, பட்டினியோ, பெருந்துயரமோ சரீரத்தைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த ரோமங்களில் ஒரு பெரும்பகுதி ஒருமிக்க ஓய்வுப் பருவத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அப்படி நுழைந்தவை அன்றே விழாமல் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரளாக விழுகின்றன. எனவே இன்று சீப்பில் வரும் முடிக்குக் காரணம் தேடுகிறவர்கள், இன்று குளித்த தண்ணீரை நோக்காமல், மூன்று மாதத்துக்கு முன் தமக்கு என்ன நேர்ந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் குடும்ப வழக்கம் ஒன்று இந்த விஷயத்தில் எத்தனையோ பெண்களைத் திசைதிருப்பிவிடுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனதும், அண்ணனோ அப்பாவோ கொண்டுவந்து விட, கைக்குழந்தையுடன் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலோ அணுபுரத்திலோ உள்ள கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். பிரசவத்தால் ஓய்வுக்குப் போன ரோமங்கள் உதிரத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவேதான். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்றிருந்தவையும் சேர்ந்தே விழுவதால், குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு முடி சேர்கிறது. "எங்க அம்மா வீட்டுல நல்லாத்தான் இருந்துது, இங்க வந்துதான் கொட்டுது" என்று அவள் சொல்வது பொய்யல்ல. அவள் கண்டது அதுதான். ஆனால் ஊர் மாறியிராவிட்டாலும் அந்த முடி அந்த மாதத்தில் உதிர்ந்துதான் இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் அது தானாகவே திரும்பியும் வந்துவிடுகிறது. இதை அவளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், தாய்ப்பால் கொடுக்கும் அந்தப் பெண் இரவெல்லாம் கவலைப்பட்டிருக்க வேண்டாம்.

உதிர்ந்த முடியையே எடுத்துப் பார்த்தால் அது பாதிச் சாட்சி சொல்லிவிடும். ஒரு வெள்ளைத் துணியின் மேல் அதை நீட்டி வைத்து, தலைப்பக்க நுனியை உற்றுக் கவனியுங்கள். அங்கே கடுகிலும் சிறிதாக ஒரு வெண்மையான குமிழ் தெரிந்தால், அது ஓய்வுக்காலம் முடிந்து வேர்ப்பையிலிருந்து கழன்ற ரோமம். வேரோடு வந்துவிட்டதே என்று பலர் அதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் அடுத்த ரோமத்தை முளைப்பிக்கும் உறுப்பு தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. குமிழ் இல்லாமல், இரு நுனியும் ஒரே மாதிரி மொட்டையாக, முழு நீளத்தில் பாதியோ காலோ மட்டும் இருந்தால், அது உதிர்ந்த முடியல்ல, நடுவில் ஒடிந்த முடி. தோல் வைத்தியர்கள் இன்னொரு சோதனையும் செய்கிறார்கள். ஏறத்தாழ 60 ரோமங்கள் கொண்ட ஒரு கற்றையை வேர்ப்பக்கத்தில் கட்டை விரலாலும் அடுத்த இரு விரல்களாலும் பிடித்து, நுனிவரை மெதுவாக உருவுகிறார்கள். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால்தான் உதிர்வு தீவிரமானது என்று கொள்கிறார்கள். ஒடிவதா, உதிர்வதா என்னும் இந்தப் பாகுபாடு தெளிவானால், தண்ணீரைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்வது சுலபமாகிவிடுகிறது.

கல்பாக்கத்தில் தண்ணீர் ஒரு பெரிய விஷயம் என்பதை மறுக்க முடியாது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கே வாயலூர் முகத்துவாரத்தில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் பாலாறு. இவற்றுக்கு இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்துப்போவதில் அதிசயம் இல்லை. நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் திறனுடன் இங்கே ஒரு நிலையம் அமைத்திருக்கிறார்கள். அதில் 45 லட்சம் லிட்டரை அணு மின் நிலையத்தின் நீராவி வெப்பத்தால் ஆவியாக்கிக் குளிர்வித்தும், 18 லட்சம் லிட்டரை எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்தும் எடுக்கும்படி திட்டம். வெளிக்கிராமங்களின் வீடுகளில் பலவற்றில் குழாயைத் திறந்தால் வருவது சோப்பு நுரைக்காத நீர்தான். அந்நீரால் முடி கொட்டுமா என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் வைத்தியர்கள், 15 பேருடைய முடியை எடுத்து, ஒவ்வொன்றையும் இரு துண்டாக்கி, ஒரு துண்டைக் கடின நீரிலும் மற்றதை வாலை வடிநீரிலுமாகத் தினம் 10 நிமிஷம் வீதம் 30 நாள் ஊறவைத்து, பிறகு இழுத்துப் பார்த்தார்கள். வலிமையிலும் நெகிழ்ச்சியிலும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை என்று 2013-இல் எழுதினார்கள். பாகிஸ்தானில் நடந்து 2018-இல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியோ, மூன்று மாதம் ஊறவைத்த ஆண்களின் முடி வலிமை குன்றியது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், சிக்காக்கலாம், நாட்பட ஒடியவும் செய்யலாம், தோலுக்குள் இருக்கும் வேரை அது ஓய்வுக்கு அனுப்புவதற்கு எந்த வழியும் இல்லை. ஆகவே குமிழ் உள்ள முடி விழுகிறவர்கள் தண்ணீர் லாரிக்கும் குழாயில் மாட்டும் வடிகட்டிக்கும் செலவிடுவது வீண். ஒடிகிறவர்கள் மட்டும், கடின நீரில் திரிந்து வெண்படலமாகப் படியும் கட்டி சோப்பைத் தலைக்குப் போடாமல் ஷாம்பு உபயோகித்து, கடைசியாக அலசுவதற்கு இரண்டு செம்பு நல்ல தண்ணீரை எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

உப்புக் காற்றின் நிலையும் அதுவே. வெயிலும் உப்பும் முடித்தண்டை வறளச் செய்து, செம்பட்டையாக்கி, நுனியைப் பிளக்கும். அதற்குமேல் அவற்றுக்குச் சக்தி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்திலும் படகிலும் கடலின் மேலேயே பொழுதைக் கழித்த உய்யாலிக்குப்பத்து, சதுரங்கப்பட்டினத்துக் கிழவர்களில் வழுக்கை உள்ளவர்களும் உண்டு, அடர்ந்த நரைமுடி உள்ளவர்களும் உண்டு. மீனவக் குடும்பத்துப் பெண்கள் விஷயத்தில் கடற்காற்றைவிட முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினிய அன்னக்கூடையில் ஐஸோடு நிரப்பி, சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து, தெருத்தெருவாக நடந்து விற்கும் பெண்ணின் உச்சியில், அந்தச் சும்மாடு பதியும் வட்டத்திலே வருஷக்கணக்கான பாரமும் உராய்வும் ரோமத்தைத் தேய்த்துவிடுகின்றன. சும்மாட்டைத் தடிமனான மெத்தென்ற துணியால் சுற்றுவதும், அது படும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும், இயன்றபோது கூடையைத் தள்ளுவண்டிக்கு மாற்றுவதும்தான் அதற்கு மருந்து. அவளிடம் போய்த் தைலம் விற்பது அநியாயம். பள்ளிக்கூடத்துச் சிறுமிகளுக்கு நெற்றியோரம் விண்ணென்று இழுத்துப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டும் ஜடையும் இத்தகையதே. நாள்தோறும் ஒரே இடத்தில் இழுபட்டால் முன்னோரத்து முடி விலகிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் தளர்த்திவிட்டால் முளைக்கும். பல வருஷம் சென்றால் முளைக்காது.

இனி அணு உலை. இந்தச் சந்தேகத்துக்கு மற்ற இரண்டைவிட அதிக மரியாதை உண்டு. ஏனெனில் கதிர்வீச்சு முடியை உதிர்க்கும் என்பது பிரத்யட்சமான உண்மை. 1895-ஆம் வருஷக் கடைசியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், தலையில் குண்டு பாய்ந்த ஒரு குழந்தைக்கு உதவுவதற்கு முன்னோட்டமாக, ஜான் டேனியல் என்ற பேராசிரியர் தம் சகாவின் மண்டையை ஒரு மணி நேரம் படம் பிடிக்க, 21 நாள் கழித்துக் கதிர் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாக முடி கொட்டிப்போயிற்று. ரோமவேரின் உயிரணுக்கள் சரீரத்திலேயே மிக விரைவாகப் பெருகுகிறவை. பெருகும் அணுக்களைத்தான் கதிர் முதலில் தாக்குகிறது. புற்றுநோய் மருந்துகளால் தலை மொட்டையாவதும் இதனால்தான். இந்தக் குணத்தையே சிகிச்சையாகவும் பயன்படுத்தினார்கள். தலைப் படர்தாமரைக்கு, 1904 முதல் பாரிஸில் சபுரோ என்ற வைத்தியர் வகுத்த முறைப்படி, எக்ஸ் கதிரால் முடியை உதிரச் செய்து பூஞ்சையை ஒழிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவி, 1950-களின் இறுதியில் கிரிசியோஃபல்வின் மாத்திரை வரும்வரை நீடித்தது. இஸ்ரேலில் அவ்விதம் சிகிச்சை பெற்ற பல்லாயிரம் குழந்தைகளில், பிற்காலத்தில் மூளைக் கட்டிகளும் தைராய்டுப் புற்றும் மற்றவர்களைவிட அதிகமாகத் தோன்றியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

ஆனால் எவ்வளவு கதிர் என்பதுதான் கேள்வி. முடி தற்காலிகமாக உதிர்வதற்கே தலைத்தோலில் ஒரே தடவையில் சுமார் 3 கிரே (கதிர் அளவின் அலகு) பட வேண்டும். திரும்ப முளைக்காமல் போவதற்கு 7 கிரே அளவு வேண்டும். நம் நாட்டில் அணுசக்தித் துறைப் பணியாளர் ஒருவருக்கு அனுமதிக்கப்படுவது, ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட். 3 கிரே என்பது காமா கதிரைப் பொறுத்தவரை 3,000 மில்லிசீவர்ட்டுக்குச் சமம்; அதாவது பணியாளரின் வருஷ வரம்பைப்போல் 150 மடங்கு, அதுவும் ஒரே வீச்சில். அப்படிப்பட்ட கதிர் உடல் முழுவதும் பட்டவர் சீப்பைப் பார்த்துக் கவலைப்படுகிற நிலையில் இருக்க மாட்டார். வாந்தியும் ரத்தக் குறைவுமாக ஆஸ்பத்திரியில் கிடப்பார். 2010 ஏப்ரலில் டில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று கழித்துப்போட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தபோது நாம் கண்டது அதைத்தான்: தோல் கறுத்து, முடி உதிர்ந்து, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒருவர் உயிரே போயிற்று. கல்பாக்கத்திலும் குறையே நேர்ந்ததில்லை என்று சொல்வதற்கில்லை. 2003 ஜனவரியில் இங்குள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு பணியாளர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்; அது கடுமையான சம்பவம், அதைப் பற்றி எழுந்த கேள்விகள் நியாயமானவை. ஆயினும் அவர்களுக்குப் பட்டதாக அறிவிக்கப்பட்ட அளவும் கேசத்தை உதிர்க்கும் அளவுக்கு வெகு கீழேதான். இக்கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இயற்கையாகவே கலந்திருப்பதால் இங்கே இயற்கைக் கதிர்வீச்சும் சற்று அதிகம்; ஆனால் அதுவும் முடியை உதிர்க்கும் அளவுக்கு வெகு கீழேதான். அணு உலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பதற்குப் பிரஜைகளுக்குப் பூரண உரிமை உண்டு. அந்த விவாதத்துக்கு முடியைச் சாட்சியாக அழைப்பதில்தான் பயன் இல்லை.

சுற்றுச்சூழலைச் சந்தேகிப்பதே தவறு என்று இதிலிருந்து யாரும் கொள்ள வேண்டாம். மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டம் ஷேகாவ் வட்டத்துக் கிராமங்களில், 2024 டிசம்பர் கடைசியிலும் அடுத்த மாதத்திலும், சிறுவர் பெரியவர் என்ற வித்தியாசமின்றி நூற்றுக்கணக்கானோருக்கு மூன்று நான்கு நாட்களிலேயே தலை மொட்டையாயிற்று. அங்கேயும் முதலில் பழி விழுந்தது தண்ணீர்மேல்தான். பிறகு, தேள்கடிச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் ஆராய்ந்து, ரேஷன் கடையில் வழங்கிய கோதுமையிலும் நோயாளிகளின் ரத்தத்திலும் செலீனியம் அளவுக்கு மீறியிருப்பதாக அறிவித்தார். முடிக்கு நல்லது என்று விற்கப்படும் பல மாத்திரைகளில் இதே செலீனியம் சேர்ந்திருக்கிறது; வைட்டமின் ஏ-யும் அத்தகையதே; குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் முடி கொட்டும். பயோட்டின் மாத்திரையோ, அந்தச் சத்துக் குறையாதவருக்கு ஒரு பயனும் தராததோடு, தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே பிசகச் செய்துவிடும்.

அப்படியானால் கல்பாக்கத்துப் பெண்களுக்கு உண்மையில் முடி கொட்டுவது எதனால்? முதலாவதாக நான் சொல்லுவது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்டு, உண்ட கையோடு காபியோ டீயோ குடித்து, கிடைத்த இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டாமல் செய்துகொள்கிற பெண், மாதந்தோறும் ரத்தத்தையும் இழந்துகொண்டு, ஆயிரம் ரூபாய் எண்ணெயால் அதை ஈடுசெய்ய முயல்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்று பரிசோதனைகளுக்கு ஆகும் செலவு அந்த எண்ணெயின் விலைக்கு மிக அதிகமாகிவிடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெத்திலி, முட்டை, பயறு எல்லாம் கைக்கெட்டும் பொருள்கள்தாம். குறை தீவிரமானால் இரும்பு மாத்திரையும் வேண்டும். டெங்கு, டைபாய்டு, கொரோனா முதலிய ஜுரங்கள், முறையற்ற பட்டினியால் உடம்பை இளைக்கச் செய்தல், மாதவிடாய் ஒழுங்கீனத்தோடு முகத்தில் ரோமமும் பருவும் தோன்றச் செய்யும் சினைப்பை நீர்க்கட்டி என்று பட்டியல் நீளும். அதைப் பிரித்தறிவது வைத்தியர் வேலை.

முடியின் வழியாக நோயைக் காணும் வித்தையில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு விசேஷமான ஸ்தானம் உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்ட தொழுநோய் ஆரோக்கிய சாலைதான், 1955-இல் மத்திய சர்க்காரின் தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணிபுரிந்ததும், 1947-இல் அவரைக் காண வந்த அறுவை வைத்தியர் டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளின் முடங்கிய கைகளைக் கண்டு தம் வாழ்நாள் பணியைத் தேர்ந்துகொண்டதும் அங்கேதான். முற்றிய தொழுநோயின் அடையாளங்களில் ஒன்று, புருவத்தின் வெளியோரத்து மூன்றிலொரு பங்கு முதலில் உதிர்ந்து, பிறகு புருவம் முழுவதுமே மறைவது. தலைமுடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்நோயின் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. ரத்த ஓட்டத்தால் வெதுவெதுப்பாயிருக்கும் தலைத்தோலை விட்டு, முகத்தின் குளிர்ந்த பகுதிகளிலேயே அது குடிகொள்கிறது. தைராய்டுக் குறைவிலும் புருவத்தின் வெளியோரம் மெலிவதுண்டு. இரண்டுமே மருந்தால் குணமாகக் கூடியவை. புருவத்தை மையால் தீட்டி மறைத்துக்கொண்டிருப்பவர் இழப்பது புருவத்தை மட்டும் அல்ல.

ஆண்களின் வழுக்கை வேறு ஜாதி. நெற்றியின் இரு மூலைகளும் ஏறி, உச்சியில் சொட்டை விழுந்து, இரண்டும் ஒன்றுசேரும் அந்தப் போக்குக்கு வம்சமும் ஆண்மைச் சுரப்பும் காரணம் என்பதை, 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று நிபுணர் நிலைநாட்டினார். பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. ஆனால் அவர்களுள் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் விழுந்தது. 1974-இல் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறப்பில் பெண்போல் தோன்றிப் பருவத்தில் ஆணாக மாறும் சில குழந்தைகளை ஜூலியான் இம்பராட்டோ-மக்கின்லி குழுவினர் ஆராய்ந்து, டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான சுரப்பாக மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவு என்று கண்டார்கள். வளர்ந்த பின் அவர்களுக்கு வழுக்கை விழவில்லை, புராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாகப் பிறந்ததே ஃபினாஸ்டரைடு. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும் 1997-இல் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மினாக்சிடில், உட்கொண்டவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைப்பிப்பதைக் கண்டு, தலையில் தடவும் திரவமாக 1988-இல் மாற்றப்பட்டது. உலகத்தில் எத்தனை விளம்பரம் வந்தாலும், வம்ச வழுக்கையைத் தடுப்பதில் நீண்டகாலச் சான்றுள்ளவை முக்கியமாக இந்த இரண்டே.

இவற்றை உபயோகிப்பவர்கள் சில விஷயங்களை அறிந்தே ஆரம்பிக்க வேண்டும். மினாக்சிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பழைய ரோமங்கள் இடம்விடுவதால் உதிர்வு சற்று அதிகமாகும். அப்போது பயந்து நிறுத்துகிறவர்களே அதிகம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும், நிறுத்தினால் சில மாதங்களில் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் அது நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூனைக்கு அது விஷம். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் போக இச்சை குறைவதும் மனச்சோர்வு ஏற்படுவதும் உண்டு. கர்ப்பிணிகளும் கர்ப்பமாகக் கூடியவர்களும் அதை உட்கொள்ளவே கூடாது. மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்குவதற்கு உரியவை அல்ல இவை. தவிர, இம்மருந்துகள் இருக்கும் ரோமத்தைக் காப்பதில் கெட்டிக்காரர்கள். பளபளவென்று வழுக்கையாகிப் பல வருஷம் ஆன இடத்தில் அவற்றால் அதிகம் செய்ய முடியாது. 25 வயதில் ஹெல்மெட்டின்மேல் பழிபோட்டுவிட்டு 35 வயதில் வைத்தியரிடம் வருகிறவர் இழந்த பத்து வருஷம் எவராலும் திருப்பித்தர முடியாதது. ஹெல்மெட் தலையை வியர்க்கச் செய்யும், வழுக்கையாக்காது.

திடீரென்று காசு அளவில் வழவழப்பாக முடி போகும் புழுவெட்டு, பூச்சி எதுவும் கடித்து வருவதல்ல. சரீரத்தின் காவல் அணுக்களே ரோமவேரைப் பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயமும் மிளகும் வைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறு வட்டங்கள் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைக்கும். முளைக்காவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். தலை முழுவதும் பரவிய நோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பாரிசிட்டினிப் மாத்திரை ஒரு புதிய நம்பிக்கை. குழந்தையின் தலையில் செதிலோடு, முடி குட்டையாக ஒடிந்த திட்டு தோன்றினால் அது பெரும்பாலும் படர்தாமரை. களிம்பு போதாது, வாய்வழி மருந்தே வேண்டும். சிவந்து வலித்துச் சீழ்வைத்தோ, தழும்புபோல் பளபளத்தோ முடி போகுமானால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது; அழிந்த வேர்ப்பை மீளாது.

தலைத்தோலைப் பேணுவதைப் பற்றி நம் வீடுகளில் நிலைபெற்ற நம்பிக்கை எண்ணெய். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று மும்பை ஆராய்ச்சியாளர்களான ரேலேயும் மொஹிலேயும் 2003-இல் காட்டினார்கள். நம் பாட்டிமார்களின் அனுபவம் அதில் மெய்ப்பட்டது. கடற்காற்றில் வறளும் முடிக்கு, குளிப்பதற்கு முன் நீளத்தில் தடவும் எண்ணெய் நல்ல கவசம். ஆனால் அது வேரை வளர்ப்பதில்லை. கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய தைலத்தில் மனத்துக்குக் குளிர்ச்சியும் முடிக்கு மினுமினுப்பும் உண்டு; அதுவே வழுக்கையைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதால், அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பொடுகு உள்ள தலைக்கோ எண்ணெய் நேரடியாகவே கெடுதல். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் நுண்பூஞ்சை கொழுப்பை உண்டே வாழ்வது. பொடுகு வறட்சியால் வருகிறது என்றெண்ணி அதன்மேல் எண்ணெய் வார்ப்பது அதற்கு விருந்து வைப்பது. புழுக்கமும் வியர்வையும் மிகுந்த இவ்வூரில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தலைக்குக் குளிப்பதும், பொடுகு இருந்தால் கீட்டோகொனசோல் ஷாம்பைத் தடவி ஐந்து நிமிஷம் விட்டு அலசுவதும் போதும். திருப்போரூரிலோ திருத்தணியிலோ மொட்டை போட்டுக்கொள்வது பக்திக்கு உரியது. அதனால் முடி அடர்ந்து வளரும் என்பது மட்டும் சரியல்ல, கத்தி வேரைத் தொடுவதில்லை.

மருந்தால் ஆகாத வழுக்கைக்குப் பின்தலை ரோமங்களை முன்னால் நடும் அறுவை முறை இருக்கிறது. பின்தலை வேர், நட்ட இடத்திலும் தன் பழைய குணம் மாறாமல் வளரும் என்று நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் கண்டுபிடித்த உண்மையே அதற்கு அஸ்திவாரம். முறை நல்லது, நடத்தும் இடம் நல்லதா என்பதே கேள்வி. 2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அழகு நிலையம் ஒன்றில் முடி நடும் சிகிச்சைக்குச் சென்று, மயக்க மருந்துக்குப் பின் உடல்நிலை கெட்டு உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே நேர்ந்த அந்த அவலத்துக்குப் பிறகும், விளம்பரப் பலகைகள் குறையவில்லை. தகுதி பெற்ற வைத்தியரே இந்த அறுவையைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. அவசரமே இல்லாத இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர், அறுப்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசர காலத்துக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் கேட்டுப் பதில் பெறாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது.

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; அதன் தோல் நோய்ப் பிரிவில் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் வழி உண்டு. போகிறவர்கள் கையில் சில விவரங்களோடு போனால் வைத்தியருக்குப் பேருதவியாக இருக்கும்: கடந்த ஆறு மாதத்தில் வந்த ஜுரமும் பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் எந்தெந்த மாதத்தில் என்ற குறிப்பு, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும், சத்து மாத்திரை என்று யாரோ கொடுத்தது உட்பட, தாய்வழியிலும் தந்தைவழியிலும் யார் யாருக்கு வழுக்கை என்ற செய்தி, ஒரு நாள் உதிர்ந்த முடியைச் சுற்றிவைத்த காகிதப் பொட்டலம். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமலும், சாயம் பூசாமலும், முந்தின நாள் தலைக்குக் குளிக்காமலும் போக வேண்டும். இல்லாவிட்டால் உருவிப் பார்க்கும் சோதனை சரியாக அமையாது. மருந்து தொடங்கும் நாளில் உச்சியையும் வகிட்டையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், வகிட்டை அதே மாதிரி எடுத்து இன்னொரு படமும் சேர்த்துவந்தால், ஆறாம் மாதம் மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று தீர்மானிக்க அந்தப் படங்களே போதுமானவை.